மூடி திறக்காத ஏழு நாள்

எங்கள் செம்மேட்டுப்பாளையத்தில் புத்திசாலியே கிடையாதா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். ஒருவர் இருந்தார். போன வருடம் அவருக்கு வேலை மாற்றலாகிவிட்டது. மிச்சம் இருப்பவர்களைப் பற்றித்தான் இந்தக் கதை. எழுதுகிற கையும் அந்த ஊர்க் கைதான் என்பதால் ரொம்பவும் கேலி செய்வதற்கில்லை.

மாவு மில் சென்னியப்பனுக்கு அப்போது ஒரே கவலை. வரும் ஞாயிற்றுக்கிழமையோடு அவருக்கும் மரகதத்துக்கும் கல்யாணமாகி இருபத்தைந்து வருடம். இத்தனை வருடத்தில் மரகதம் கண்ணைத் திறந்திருக்கிற படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. தாலி கட்டுகிற படத்தில் கண் மூடியிருந்தது. பழனி மலைப் படத்திலும் அப்படியே. ஆதார் அட்டையில் மட்டும் ஒரு கண் திறந்திருந்தது.

"ஏனுங், கண்ணு தொறந்த மாதிரி ஒரே ஒரு படம் எடுத்துக் குடுங். நகை நட்டு ஒண்ணும் வேண்டாம்," என்று மரகதம் சொல்லிவிட்டாள். சென்னியப்பனுக்கு மனசு கரைந்துவிட்டது. அன்றைக்கே ஒரு ஃபிரேம் வாங்கி, உள்ளே படமே இல்லாமல் கூடத்துச் சுவரில் மாட்டிவிட்டார்.

மரகதத்தின் தம்பி கதிர்வேல் பெங்களூரில் கேமராவே தொழிலாக இருப்பவன். அக்காவின் ஆசையைக் கேட்டு இரண்டு டிஜிட்டல் கேமராவோடு வந்து இறங்கினான்.

"மச்சான், இந்தப் பெரிசு எஸ்.எல்.ஆர். லென்ஸ் எதைப் பார்க்குதோ அதைத்தான் உங்க கண்ணும் பார்க்கும். இந்தச் சின்னது ரேஞ்ச்ஃபைண்டர். இதுல லென்ஸ் வேற, நீங்க பார்க்கற ஜன்னல் வேற. ஜன்னல்ல ஆளு ரெண்டாத் தெரியும், ரெண்டும் ஒண்ணாச் சேர்ந்ததும் அமுக்குங்க. ஒரு வாரம் ரெண்டையும் தினமும் வெச்சுப் பாருங்க. எது ஒத்து வருதோ அதை நீங்களே வெச்சுக்கங்க."

பஸ் ஏறும்போது இன்னும் இரண்டு சொன்னான். "உங்க மில்லுல மாவு பறக்கும். லென்ஸ் மேல தூசி படவே கூடாது, மூடி போட்டே வெச்சிருங்க. அப்புறம், படத்துக்குப் படம் பின்னாடி திரையைப் பார்த்துட்டு நிக்காதீங்க. ஞாயித்துக்கிழமை நான் வந்ததும் எல்லாத்தையும் ஒண்ணாப் பார்த்துக்கலாம்."

சென்னியப்பன் சொன்ன சொல் தட்டாதவர். பஸ் கிளம்புவதற்குள் இரண்டு திரை மேலும் பிளாஸ்திரி ஒட்டிவிட்டார். மூடி இரண்டையும் அழுத்திப் பார்த்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை ஆராய்ச்சி ஆரம்பமானது. துணைக்கு சைக்கிள் கடை காளியண்ணனும், மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற நாச்சிமுத்துவும் வந்தார்கள். முதலில் பெரிசைக் கண்ணில் வைத்தார் சென்னியப்பன்.

"ஒண்ணுமே தெரியலப்பா. கும்மிருட்டு."

நாச்சிமுத்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மணி பத்தாச்சே?"

"ஊருல விடிஞ்சிருச்சு. கேமராவுக்குள்ளதான் இன்னும் விடியல."

"பெங்களூர்க் கேமராவல்ல? அங்கெல்லாம் லேட்டாத்தான் எந்திரிப்பாங்க," என்றார் காளியண்ணன்.

பொத்தானை அமுக்கினால், மூடிக்குள் இருட்டில் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் பெரிசு 'உர்ர், உர்ர்' என்றதே தவிரப் படம் எடுக்கவில்லை. புது ஆட்களைக் கண்டு மிரள்கிறது என்று மூவரும் கூடிப் பேசி முடிவுக்கு வந்தார்கள். பழகட்டும் என்று காளியண்ணன் அதைச் சைக்கிள் ஹேண்டில்பாரில் மாட்டி நாலு தெருவையும் சுற்றிக் காட்டிக்கொண்டு வந்தார். திரும்பி வந்தும் அது உறுமியது.

சின்னது அப்படியில்லை. மூடி போட்டிருந்தும் ஊரே பளிச்சென்று தெரிந்தது. "இதுதான்பா பொழைக்கற கேமரா," என்று சென்னியப்பன் பூரித்துப்போனார். டீக்கடை மாஸ்டர் மட்டும் இரண்டாகத் தெரிந்தார்.

"மாஸ்டர், கொஞ்சம் உங்களோட நெருங்கி நில்லுங்க."

"எந்த என்னோடுங்க?"

"இடது பக்கம் நிக்கறீங்கல்ல, அவரோட."

மாஸ்டர் இடது பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, கடைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

லென்ஸ் வளையத்தைத் திருப்பினால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஆனால் கதிர்வேல் அதைச் சொல்ல மறந்திருந்தான், சொல்லாததை எங்கள் ஊரில் யாரும் செய்வதில்லை. அதனால் சென்னியப்பன் நடந்தார். மரகதம் ஒருத்தியாகும் வரை முன்னால் ரெண்டடி, பின்னால் ரெண்டடி. புதன்கிழமை அப்படிப் பின்னால் போய் எருமைத் தண்ணித் தொட்டிக்குள் உட்கார்ந்துவிட்டார். கேமரா தலைக்கு மேலே பத்திரமாக இருந்தது. மூடி கழன்றதா என்றுதான் முதலில் பார்த்தார். கழலவில்லை.

மரகதமும் சும்மா இருக்கவில்லை. கண்ணாடி முன்னால் நின்று இமைக்காமல் பழகினாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. "இந்தத் தடவை மூடலீங், சத்தியமா மூடலீங்," என்று ஒவ்வொரு தடவையும் சொன்னாள். அதைக் கேட்கக் கேட்க சென்னியப்பனுக்கு நெஞ்சு நிறைந்தது.

ஞாயிற்றுக்கிழமை கதிர்வேல் வந்தான். பிளாஸ்திரியைப் பார்த்து ஒரு மாதிரியாக விழித்துவிட்டு, சின்னதின் மேல் இருந்ததை உரித்தான். இருநூற்றுப் பன்னிரண்டு படம். அத்தனையும் கறுப்பு.

"எல்லாம் ஒரே தரமா வந்திருக்குது," என்றார் நாச்சிமுத்து.

"மச்சான், மூடியக் கழட்டவே இல்லையா?"

"தூசி படக் கூடாதுன்னியே மாப்ளை."

கதிர்வேல் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். சென்னியப்பன் சுவரில் இருந்த வெறும் ஃபிரேமைப் பார்த்தார். பட்டுச் சேலையில் நின்ற மரகதத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. வெட்கமாக இருந்தது.

கதிர்வேலே எழுந்து இரண்டு மூடியையும் கழற்றினான். "பெரிசுக்குக் கண்ணு தெரியுதப்பா!" என்று காளியண்ணன் கத்தினார். பெரிசில் பத்து, சின்னதில் பத்து என்று கதிர்வேல் அக்காவை எடுத்தான். சேலையின் சரிகை தெரிந்தது, மல்லிகை தெரிந்தது, சிரிப்பு தெரிந்தது. இருபதிலும் கண் மூடியிருந்தது.

ஆராய்ச்சிக்காரர்கள் மூவரும் கொல்லைப்பக்கம் போய்க் கூடிப் பேசினார்கள். அரை மணி கழித்து வந்து நாச்சிமுத்து கேட்டார்:

"தம்பி, மூடி போட்டு எடுத்த இருநூத்திப் பன்னெண்டுல ஏதாவது ஒண்ணுல அம்மிணி கண்ணை மூடியிருக்குதா, பார்த்துச் சொல்லுங்க."

கதிர்வேல் சின்னக் கேமராவை நீட்டினான். மரகதமே கேமராவை வாங்கி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். எதிலும் மூடிய கண் இல்லை.

"ஏனுங், நெசந்தானுங்," என்றாள். இருபத்தைந்து வருடத்தில் சென்னியப்பன் அவளை இவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை. அதில் நல்லதாக அவளே ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். கதிர்வேல் அதை அச்சுப் போட்டுக்கொண்டு வந்து கொடுத்தான். சாயங்காலம் அது ஃபிரேமுக்குள் ஏறியது. வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் நின்று பார்த்து, கொஞ்சம் கறுத்துவிட்டாள், மற்றபடி அப்படியே இருக்கிறாள் என்றார்கள்.

"சரி மச்சான், எந்தக் கேமரா வேணும்?" என்று களைத்துப்போய்க் கேட்டான் கதிர்வேல்.

"ரெண்டும் வேண்டாம் மாப்ளை, நீயே எடுத்துட்டுப் போ. வேலை செஞ்சது பூராம் மூடிதான். அதை மட்டும் குடுத்துட்டுப் போ."

பெரிசின் மூடியா, சின்னதின் மூடியா என்று கதிர்வேல் கேட்டதற்கு, இரண்டையும் தினமும் வைத்துப் பார்த்துச் சொல்வதாக ஒரு வாரம் தவணை கேட்டிருக்கிறார்கள்.