அட்வான்ஸைத் தின்ற கரடி

ஒரு காட்டில், நட்ட நடுவே, பெரிய ஆலமரம் ஒன்று இருந்தது. கீழே ஓடை, சுற்றிலும் பழமரங்கள். பிழைக்க வந்தவர்களுக்கு அதில் ஒரு பொந்து கிடைத்தால் போதும், வேறென்ன வேண்டும்? ஆனால் குழந்தைகளே, பொந்து சும்மா கிடைக்காது. வாடகை உண்டு!

மரத்துக்குச் சொந்தக்காரர் கரியமலை என்ற கரடி. எப்படிச் சொந்தம் என்று கேட்டால், "எங்க தாத்தா முதுகு சொறிஞ்ச மரம் இது!" என்பார். அவர் உடம்பைப் பார்த்த பிறகு யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை.

வாடகை, மாதம் ஒரு தொன்னை காய்ந்த இலுப்பைப் பூ. குடிவரும்போதே பத்துத் தொன்னை அட்வான்ஸ். காலி செய்யும்போது அது திரும்பி வரும் என்பது பேச்சு.

சட்டதிட்டங்களுக்கும் குறைவில்லை. விருந்தாளி வரக் கூடாது. மரத்தைக் கொத்தக் கூடாது. பாவம் மரங்கொத்தி கொத்தாண்டி, அலகு அரிக்கும்போதெல்லாம் ஓடைக்கு அந்தப் பக்கம் பறந்துபோய், ஒரு பட்ட மரத்தில் நாலு கொத்துக் கொத்திவிட்டு வருவான். எல்லாவற்றையும்விடக் கறாரான சட்டம் இன்னொன்று: அக்கம்பக்கத்தில் யாரும் யாரோடும் பேசக் கூடாது.

அணில் செவ்வந்தி கோடை முழுக்க ஓடி ஓடிப் பூப் பொறுக்கித்தான் தன் பொந்துக்கு அட்வான்ஸ் கட்டியிருந்தாள். இப்போது அவள் வயிற்றில் குட்டிகள். வானத்தில் மழை மேகம்.

அந்த நேரம் பார்த்துக் கரடி கீழிருந்து குரல் கொடுத்தார்.

"ஏம்மா செவ்வந்தி! அடுத்த மாசத்துலேருந்து வாடகை மூணு தொன்னை."

"ஒரேயடியா மூணா? நான் எங்கே போவேன், ஓனரய்யா?"

"முடியலைன்னா காலி பண்ணு. கிளி மரகதம் சரின்னுட்டா. கொத்தாண்டியும் சரின்னுட்டான். நீ ஒருத்திதான் மூக்கால அழறே."

"அப்போ என் அட்வான்ஸைக் கொடுங்க. வேற மரம் பார்த்துக்கறேன்."

"அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் கட்டட்டும். அதை வாங்கி உனக்குத் தர்றேன்."

செவ்வந்தி பொந்துக்குள் போய் அழுதாள். குட்டிகள் கொட்டும் மழையிலா பிறக்க வேண்டும்? அழுது முடித்ததும் கோபம் வந்தது. கோபத்தோடு ஒரு சந்தேகமும் வந்தது. இருப்பதே கைக்கும் வாய்க்குமாக இருக்கும் கொத்தாண்டி மூன்று தொன்னைக்கு எப்படிச் சரி என்றான்?

சட்டமாவது ஒன்றாவது என்று அவள் நேரே கிளியின் பொந்துக்கு ஓடினாள்.

"மரகதம், மூணு தொன்னைக்கு ஒத்துக்கிட்டியாமே?"

"நீதான் முதல்ல ஒத்துக்கிட்டேன்னு சொன்னாரே! உன்னைவிட நான் குறைஞ்சு போயிடக் கூடாதேன்னு தலையை ஆட்டிவச்சேன்," என்றாள் கிளி. அவளுக்குக் கௌரவம் கொஞ்சம் ஜாஸ்தி.

கொத்தாண்டியிடம் கேட்டால், அவனுக்கும் அதே கதை. அவனிடம், 'அவங்க ரெண்டு பேரும் சரின்னுட்டாங்க' என்று சொல்லியிருந்தார்.

"அது இருக்கட்டும். அடுத்த ஆள் கட்டினாத்தான் நம்ம அட்வான்ஸ்னா, நாம கட்டினது எங்கே?" என்று கேட்டாள் செவ்வந்தி.

மூவரும் கீழே எட்டிப் பார்த்தார்கள். கரடி மல்லாந்து படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். தொப்பை ஏறி இறங்கியது.

"அதோ, பத்திரமா இருக்கு," என்றான் கொத்தாண்டி.

மறுநாள் காலையில் மூவரும் கரடியின் முன் வரிசையாக நின்றார்கள்.

"ஓனரய்யா, நாங்க மூணு பேரும் இன்னைக்கே காலி பண்றோம். அட்வான்ஸைக் கொடுங்க."

கரடிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மூணு பேருமா? ஒரே நாள்லயா? அது... இப்போ இல்லையே!"

"எங்கே போச்சு?"

"சாப்பிட்டுட்டேன்," என்றார் கரடி, எலிக்குஞ்சுக் குரலில்.

உறுமிப் பார்க்கலாமா என்று ஒரு கணம் யோசித்தார். உறுமினால் விஷயம் காடு முழுக்கப் பரவும். அட்வான்ஸைத் தின்கிற கரடியிடம் அப்புறம் யார் குடிவருவார்கள்?

"பரவாயில்லை ஐயா," என்றாள் செவ்வந்தி. "நாங்க போகலை. பழைய வாடகைதான். அதையும் மாசாமாசம் அட்வான்ஸிலே கழிச்சுக்கோங்க. அது தீர்ற வரைக்கும் ஒரு பூவும் தர மாட்டோம்."

கரடி தலையாட்டினார். வேறு என்ன செய்வார்? அன்று மதியமே பசி வந்தது. பல வருஷங்களுக்குப் பிறகு, தானே புற்றைத் தோண்டிக் கறையான் தின்னப் போனார்.

மழை பிடித்துக்கொண்டு பெய்தது. காய்ந்த பொந்துக்குள் செவ்வந்திக்கு மூன்று குட்டிகள் பிறந்தன. மரகதம் பாட, கொத்தாண்டி அதே மரத்தில் டொக் டொக்கென்று தாளம் போட, ஆலமரமே கல்யாண வீடானது. செவ்வந்திக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

கீழிருந்து கரடி மெல்லத் தொண்டையைச் செருமினார்.

"செவ்வந்தி, வீட்டுல ஆள் கூடிப்போச்சு போலிருக்கே. அதுக்குத் தனியா ஏதாவது..."

மூன்று பொந்துகளிலிருந்தும் ஒரே குரல் வந்தது.

"அதையும் அட்வான்ஸிலே கழிச்சுக்கோங்க, ஓனரய்யா!"

நீதி: அக்கம்பக்கத்தாரோடு பேசிப் பழகுகிறவரை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது.