பேச்சித்தாயின் கை

குழல்வாய்மொழியிடம் தொழில் படிக்க வந்தவர்களில் அவளைவிட வயதில் மூத்தவர் ஞானதிரவியம் ஒருவர்தான். அவளுக்கு முப்பத்தொன்பது, அவருக்கு அறுபத்தொன்று. பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் ட்ரில் மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்றவர். மைதானத்தின் இந்த மூலையில் அவர் 'அட்டென்ஷன்' என்றால் அந்த மூலையில் மேய்கிற ஆடும் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் மேயும் என்று ஊரில் கேலி பேசுவார்கள். அவர் காதில் விழும்படியே பேசுவார்கள். அவருக்கும் அதில் பெருமைதான்.

அவள் முன்பு ஒரு நெஞ்சு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அங்கிருந்த டாக்டரிடம் ஹிப்னாடிசம் கற்றுக்கொண்டு ஆலங்குளம் பக்கத்தில் இருந்த சொந்த ஊருக்கே திரும்பிவிட்டாள். பழைய டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் மாடியில், ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில், பீடியை விட நினைக்கிற இருபது பேரை ஒன்றாகப் படுக்கவைத்துப் பேசுவாள். பெயரில்தான் குழல் இருந்தது, குரல் கரகரப்பு. அந்தக் கரகரப்புக்கே இருபது பேரும் பத்து நிமிஷத்தில் அரைத்தூக்கத்தில் இறங்குவதை முதல்நாள் பார்த்த ஞானதிரவியம், நம் குரலுக்கு இருநூறு பேர் இறங்குவார்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

படிக்கட்டுக்குக் கீழே ஒரு அலுமினியச் சட்டி இருக்கும். வருகிறவர்கள் பீடிக்கட்டையும் தீப்பெட்டியையும் அதில் போட்டுவிட்டு மேலே ஏறவேண்டும். மேலே அவள் மூச்சைப் பற்றிப் பேசுவாள். மாடிப்படி ஏறுவதைப் பற்றி, பேரனைத் தோளில் தூக்கிக்கொண்டு கோயில் கொடைத் திருவிழா பார்க்கப் போவதைப் பற்றிப் பேசுவாள். முடியும்போது ஒவ்வொருவர் நெற்றியிலும் கை வைத்து எழுப்புவாள். சிலர் பீடியை விட்டார்கள், பலர் குறைத்தார்கள். சிலர் இறங்கி வந்து சட்டிக்குள் துழாவித் தங்கள் பீடிக்கட்டையே தேடி எடுத்துக்கொண்டு போனார்கள். அவள் யாரையும் தடுக்கமாட்டாள்.

ஞானதிரவியத்துக்கு இது பொறுக்கவில்லை. ஒருநாள் பாய்களைச் சுருட்டும்போது கேட்டுவிட்டார்.

"சிஸ்டர், அந்த அரைத்தூக்கத்துல சொல்லுறது ஆழமா எறங்கும்னு நீங்கதான் சொன்னீங்க. ஆனா பீடிய நீங்க ஒரு வார்த்த திட்ட மாட்டேங்கீங்களே, ஏன்?"

"அவங்க வீட்டுக்குள்ள நான் போனதில்ல சார்."

கேட்டதற்கும் சொன்னதற்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்குப் புரியவில்லை. சிஸ்டருக்குக் கொஞ்சம் பயந்த சுபாவம் என்று முடிவுகட்டிக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அக்கா மகளுக்குச் சடங்கு. வகுப்பை அவரிடம் விட்டுப்போனாள்.

"நான் சொல்லுறத மட்டும் சொல்லுங்க சார். கூட ஒண்ணும் சேக்க வேண்டாம்."

"சரி சிஸ்டர்" என்றார். சேர்த்தார்.

இருபது பேரும் கண்மூடிக் கிடந்தபோது, நடுவில் நின்று, மைதானத்துக் குரலில் சொன்னார்.

"இனிமே பீடி வாடை பட்டாலே ஒங்களுக்குக் கொடலப் பொரட்டும். பீடித்தூள் வாடையே ஒங்களுக்கு ஆகாது. புரியுதா?"

கண்ணைத் திறக்காமலே இருபது பேரும் தலையாட்டினார்கள்.

ஒரு வாரத்துக்கு ஊரில் அவர் பேச்சாகவே இருந்தது. பிறகு பாதிப் பேர் பழையபடி பற்றவைத்துக்கொண்டார்கள். மீதிப் பேரில் ஒருவரைத் தவிர எல்லோரும் ஒளிந்து நின்று குடித்தார்கள். கொத்தனார் கொம்பையா மட்டும் முழுசாக நம்பிவிட்டார். ஐம்பது வயது ஆள். இருமி இருமிச் சாரத்தில் நிற்க முடியாமல் போய், இனியும் குடித்தால் நுரையீரல் தாங்காது என்று டாக்டர் கைவிரித்துச் சொல்லி அனுப்பிய ஆள். முப்பத்தைந்து வருடப் பழக்கத்தை ஒரே காலையில் விட்டுவிட்டார்.

சடங்கு முடிந்து இரண்டு நாளில் ஊர் திரும்பிய குழல்வாய்மொழியிடம் ஞானதிரவியம் இதை விலாவாரியாகச் சொன்னார். அவள் கடைசிவரை கேட்டாள்.

"வாடைன்னா சொன்னீங்க?"

"ஆமா. அதான வேல செஞ்சிருக்கு."

"கொம்பையாவ அடுத்த ஞாயித்துக்கிழம வரச் சொல்லுங்க சார்."

ஆள் அனுப்பினார். கொம்பையா வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. பீடியைத்தான் விட்டாச்சே, எதுக்கு வரணும் என்று ஞானதிரவியமே அவருக்காகப் பேசினார்.

மூன்றாவது ஞாயிறு, எல்லோரும் போனபின் ஒரு பெண் வந்து படிக்கட்டுக்குக் கீழே நின்றாள். சட்டியைக் கழுவவந்த ஞானதிரவியத்தைப் பார்த்து முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"மாஸ்டர் நீங்கதானா?"

"ஆமா. நீங்க?"

"பேச்சித்தாய். கொத்தனார் கொம்பையா வீட்டுக்காரி."

அவர் முகம் மலர்ந்தது. அவளும் நன்றியைத்தான் முதலில் சொன்னாள்.

"நீங்க நல்லா இருக்கணும். அவிய பீடிய விட்டு இருவது நாளாச்சு. இருமல் எவ்வளவோ கொறஞ்சிருக்கு. இன்னொண்ணு கேக்கணும் சார். எனக்கும் அதே மாரி கண்ண மூடவச்சு ஏதாவது செய்ய முடியுமா?"

"நீங்களும் குடிப்பீங்களா?"

"இல்ல சார். நான் சுத்துதவ."

முந்தானைக்குள்ளிருந்து இரண்டு கைகளையும் எடுத்து நீட்டினாள். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து சிவந்து கிடந்தது.

"புளியப் போட்டுத் தேச்சேன். எலுமிச்சம்பழம் தேச்சேன். மண்ணெண்ணெயும் போட்டுப் பாத்தேன். போக மாட்டேங்கு. இந்தக் கை வாடை போறதுக்கு வழி இருக்கா சார்?"

அந்த ஊரில் வீட்டுக்கு வீடு பெண்கள் மடியில் தட்டை வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறார்கள். ஞானதிரவியத்துக்கு அது தெரியாதா என்ன? பிறந்ததிலிருந்து பார்க்கிறார். அன்று காலையில் வகுப்புக்கு நடந்து வந்தபோதும் பத்து வாசலில் பார்த்துக்கொண்டேதான் வந்தார்.

"அவிய சாப்பிட உக்காருவாவ. நான் சோத்த வச்சதும் எந்திரிச்சு வாய்க்கால் பக்கம் போயிருதாவ. ஓங்கரிக்கிற சத்தம் கேக்கும். திரும்பி வந்து, என்னய எப்பவும்போல 'ளா' போட்டு, 'பசிக்கலளா'ம்பாவ. இப்பம் அவிய அக்கா வீட்டுலதான் சாப்பாடு. படுக்கையும் அங்கதான்."

"சண்டையா?"

"சண்டையின்னா நான் பாத்துக்கிட மாட்டேனா? என்னயப் பாத்து அழுதாவ சார். ஏன்னு சொல்ல அவியளுக்கே தெரியல." கைகளை மறுபடி முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். "சுத்துறத விட்டுருதேன். ஆனா இருவத்தேழு வருசம் சுத்துன கை. விட்டாலும் போவுமான்னு தெரியல."

ஞானதிரவியம் மாடிப்படி ஏறினார். அன்றைக்கு அந்தப் பதினான்கு படிகளுக்கே அவருக்கு மூச்சு வாங்கியது. கேட்டதையெல்லாம் குழல்வாய்மொழியிடம் சொன்னார்.

"சிஸ்டர், அந்த மனுசன எப்படியாவது கூட்டிட்டு வந்து, சொன்னத ரத்து பண்ணிருதேன். அது நல்ல வாசந்தான்னு ஒரு உத்தரவு போட்டுருதேன்."

"பெறகு பீடி குடிப்பாரே சார். நெஞ்சு தாங்காதே."

"அப்பம் நான் என்னதான் சொல்ல?"

"எனக்கும் தெரியல." அவள் ஜன்னலுக்கு வெளியே, எதிர்வாசலில் பீடி சுற்றிக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்தாள். "நாளையிலேருந்து பத்து நாள் பேச்சித்தாய் வீட்டுக்குப் போங்க. பீடி சுத்தப் படிங்க."

"நானா?"

"கை ரெண்டும் நல்லாத்தான இருக்கு."

போனார். ஊரே சிரித்தது. ட்ரில் மாஸ்டர் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, மடியில் தட்டோடு பேச்சித்தாய் வீட்டு முற்றத்தில் சம்மணம் போட்டிருப்பதைப் பார்க்க, வேலை இருப்பவர்களும் வேலை இல்லாதவர்களும் அந்தத் தெருவழியாகவே போனார்கள். முதல் நாள் பதினொரு பீடி சுற்றினார். பதினொன்றும் கிழிசல். பேச்சித்தாய் அவர் மனம் நோகாமல் அவற்றைப் பிரித்துத் திரும்பச் சுற்றினாள்.

"அமுக்காதீங்க சார். எல தானா மடியும். வெரலு கூடப் போனாப் போதும்."

வீட்டில் அவர் மனைவி, கை நாறுகிறது என்று சொல்லிச் சாப்பாட்டுத் தட்டோடு ஒரு ஸ்பூனும் வைத்தாள். அந்த ஸ்பூனைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். அன்று அவர் சாப்பிடவில்லை.

ஆறாவது நாள், பேச்சித்தாய் நூலைச் சுற்றிக்கொண்டே தானாகச் சொன்னாள்.

"கல்யாணமாகி எட்டாம் நாள் அவியளுக்குக் காய்ச்சல். ரெண்டு பேரும் அதுவர ஒரு வார்த்த பேசல. அவியளுக்கும் கூச்சம், எனக்கும் கூச்சம். மத்தியானம் மொனங்குத சத்தம் கேட்டு, தட்ட அப்படியே போட்டுட்டு ஓடிப்போயி நெத்தியத் தொட்டுப் பாத்தேன். கை முழுக்கத் தூளு. கழுவிட்டு வருவோம்னு கைய எடுக்கப் போனேன். 'எடுக்காதளா'ன்னாவ. எங்கிட்ட அவிய மொத மொதப் பேசுன வார்த்த அதான் சார்."

ஞானதிரவியம் கையில் இருந்த இலையைக் கீழே வைத்தார். அன்றைக்கு மேற்கொண்டு அவரால் சுற்ற முடியவில்லை.

பத்து நாள் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, கொம்பையாவை அவரே போய்க் கையைப் பிடித்து அழைத்துவந்தார். மெலிந்துபோயிருந்தார் மனிதர். மற்றவர்களோடு அவரும் படுத்துக்கொண்டார். பேச்சித்தாயைக் குழல்வாய்மொழி தன் பக்கத்தில், கதவோரம் உட்காரவைத்துக்கொண்டாள்.

"நீங்க சொல்லுங்க சார்" என்றாள்.

"என்ன சொல்ல சிஸ்டர்? மறுபடியும் கெடுத்துருவேனோன்னு பயமா இருக்கு."

"பயமா இருந்தா நல்லதுதான். சொல்லுங்க."

அன்று அவர் குரல் உயரவில்லை. பின்வரிசைக்குக் கேட்டதோ என்னவோ. எல்லோரும் அரைத்தூக்கத்தில் இறங்கும்வரை குழல்வாய்மொழி வழக்கமாகச் சொல்வதையே சொன்னார். பிறகு தன்னுடையதை ஆரம்பித்தார்.

"நீங்க காய்ச்சல்ல கெடந்த ஒரு நாள நெனச்சுக்கோங்க. அன்னைக்கு ஒங்க நெத்தியில ஒரு கை இருந்துச்சு. யாரு கைன்னு ஒங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. அந்தக் கைக்கு ஒரு வாசம் இருந்துச்சு. என்ன வாசம்னும் எனக்குத் தெரியாது. அது ஒங்களோடது. நான் போன தடவ அதப் பத்திப் பேசல. பேச எனக்குப் பாத்தியதையும் இல்ல. பீடி வேற. அந்தக் கை வேற."

இருபது முகங்களும் தளர்ந்தன. கண்டிப்புக்குப் பேர்போன மில் மேஸ்திரி ஒருவருக்குக் கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது.

எழுப்புகிற நேரம். ஞானதிரவியம் வரிசையாகக் குனிந்து ஒவ்வொரு நெற்றியையும் தொட்டார். கொம்பையாவிடம் வந்ததும் தொடாமல் நிமிர்ந்து கதவோரம் பார்த்தார். பேச்சித்தாய் எழுந்து வந்தாள். கையை முந்தானையில் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள். பிறகு குனிந்து நெற்றியில் வைத்தாள்.

கொம்பையாவின் மூக்கு விடைத்தது. தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. அதைப் பார்த்த பேச்சித்தாய் வெடுக்கென்று கையை எடுக்கப் போனாள்.

"எடுக்காதளா" என்றார் கொம்பையா, கண்ணைத் திறக்காமலே.

படியிறங்கும்போது சட்டியைத் தாண்டவேண்டியிருந்தது. அதில் கிடந்த பீடிக்கட்டுகளின் வாடைக்குக் கொம்பையா ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். மறு கையில் பேச்சித்தாயின் விரல்கள் இருந்தன. ஊர் பார்க்கிறதே என்று அவள்தான் உருவிக்கொள்ளப் பார்த்தாள், அவர் விடவில்லை. சோறு என்ன ஆக்கியிருக்கிறாய் என்று அவர் கேட்டது மாடிவரை கேட்டது.

ஞானதிரவியம் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு வந்து பாய்களைச் சுருட்டினார். குழல்வாய்மொழி மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

"சிஸ்டர், கொம்பையாவுக்குக் காய்ச்சல் வந்த கத ஒங்களுக்கு முன்னாலயே தெரியுமா?"

"தெரியாது சார். நீங்க சொல்லித்தான் தெரியும்."

"அப்பம் இத்தன வருசமா பீடி வாடையத் திட்டாம, அந்தப் பக்கமே போகாம எப்படி இருந்தீங்க?"

அவள் பாயைச் சுவரோரம் சாத்திவைத்தாள்.

"அவங்க வீட்டுக்குள்ள என்ன இருக்குன்னு தெரியாததுனாலதான் சார்."