செக்கிங் மாஸ்டரின் சவரம்

“எல்லாம் சரியா இருந்து ஒண்ணே ஒண்ணு மட்டும் சரியில்லைன்னா என்னங்க சாமி பண்றது?” என்று கேட்டார் நாச்சிமுத்து.

“எந்தச் சரக்குலீங்க?” என்றார் சாமி.

“சரக்கு இல்லீங்க. ஒரு பையன்.”

சிறுமுகையைத் தாண்டி, பவானி ஆற்றங்கரையில் இருக்கிறது அந்த மடம். பெரிய மடமெல்லாம் இல்லை. ஒரு கூடம், ஒரு சமையலறை, ஒரு கிணறு, அவ்வளவுதான். சாமிக்கு நாச்சிமுத்துவின் கடைசித் தம்பி வயதுகூட இருக்காது. ஆனாலும் நாச்சிமுத்து அவரைக் கேட்காமல் எதையும் செய்வதில்லை. கேட்ட பிறகும் பெரும்பாலும் செய்வதில்லை என்பது வேறு விஷயம்.

நாச்சிமுத்து திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் மாஸ்டராக இருந்தவர். தைத்து வரும் உருப்படியில் பிசிறு, விட்டுப்போன தையல், எண்ணெய்க் கறை என்று எது இருந்தாலும் கண்டுபிடித்து ஒதுக்கி வைப்பது அவர் வேலை. ஓய்வு பெற்றுவிட்டார். கண் மட்டும் ஓய்வு பெறவில்லை. இலையில் இட்லி விழுந்தால் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவார்.

“பையன் யாருங்க?” என்றார் சாமி.

“என்ற புள்ள பூரணி கட்டிக்கப் போற பையன். தினகரன்னு பேரு. அன்னூர்ல மோட்டாருக்குக் காயில் கட்டற பட்டறை வெச்சிருக்கான். நல்ல பையன்தானுங்க. குடி இல்ல, சீட்டு இல்ல, பெரியவங்களைக் கண்டா எந்திரிச்சு நிப்பான்.”

“அப்புறம் என்னங்க?”

“டிப்ளமோல ஒரு பேப்பரை விட்டுட்டானுங்க. ஒரே ஒரு பேப்பர். அதை எழுதிப் பாஸ் பண்ணிட்டு வா, பொண்ணைத் தர்றேன்னேன். ‘அதை எழுதாமயே பட்டறை ஓடுதுங்களே மாமா’ன்னான். புள்ளையும் அவன் பக்கமே நின்னுட்டா. கோவத்துல பையைத் தூக்கிட்டு இங்க வந்தவன்தானுங்க, மூணு வாரமாச்சு.”

“கல்யாணம் எப்பங்க?”

“வர்ற ஞாயித்துக்கிழமை. நான் போகலைன்னா என்ற அண்ணன் நின்னு தாரை வார்த்துக் குடுத்துருவாராம். சரசு போன்ல சொல்லிட்டா.”

சரசு அவர் மனைவி. மகள் மேல் நாச்சிமுத்துவுக்கு உயிர். அவளுடைய கையைப் பிடித்துக் கொடுக்கும் இடத்தில் வேறொருவர் நிற்பார் என்று நினைத்தாலே சோறு இறங்கவில்லை. அந்த ஒரு பேப்பரை நினைத்தாலும் சோறு இறங்கவில்லை.

“நான் போறதா, வேண்டாமா? நீங்கதான் சொல்லணும் சாமி.”

சாமி அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தாடி வளர்க்கறீங்களா, அதுவா வளந்துருச்சுங்களா?”

“அதுவா வளந்துருச்சுங்க.”

“அரிக்குதுங்களா?”

“தூங்க முடியலீங்க.”

“அதை எடுத்துட்டு வாங்க, மாஸ்டர். அப்புறம் பேசலாம்.”

இதில் ஒரு சங்கடம் இருந்தது. நாச்சிமுத்து தன் கையால் சவரம் செய்துகொண்டதே கிடையாது. மீசை அரும்பிய நாள் முதல் சலூன் நாற்காலிதான். கண்ணை மூடிச் சாய்ந்துகொள்வார். முடிந்ததும் எழுந்து கண்ணாடியில் குறை பார்ப்பார். அது ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த சவரம்.

“சிறுமுகை போய் சலூன்ல எடுத்துட்டு வந்துரட்டுங்களா?”

சாமி உள்ளே போய் தன்னுடைய ஷேவிங் செட்டை எடுத்து வந்து அவர் கையில் வைத்தார். ஒரு எவர்சில்வர் ரேசர், ஒரு பிரஷ், ஒரு சோப்பு, பிரிக்காத பிளேடு பாக்கெட், ஒரு துண்டு படிகாரம்.

கிணற்றடியில் ஒரு முருங்கை மரம். மரத்தில் ஒரு கண்ணாடி தொங்கியது. நாச்சிமுத்து முதலில் தாடியைக் கத்தரித்தார். பிசிறு வெட்டும் சின்னக் கத்தரி ஓய்வுக்குப் பிறகும் அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. பிறகு ரேசரைக் கழற்றினார். மூடி, பிளேடு, அடித்தகடு, பிடி. மறுபடி பூட்டினார். சோப்பை நன்றாக நுரைக்க விட்டுக் கன்னத்தில் இழுத்தார்.

ஒரு முடிகூட வரவில்லை. தோலைப் பிறாண்டியது.

ரேசரைக் கொண்டுபோய் சாமியிடம் நீட்டினார்.

“டிஃபெக்ட் பீஸுங்க இது.”

சாமி ரேசரைக் கழற்றினார். தலைகீழாக இருந்த அடித்தகட்டைத் திருப்பிப் போட்டுப் பூட்டிக் கொடுத்தார். முகத்தில் பாதி நுரையோடு நாச்சிமுத்து கிணற்றடிக்குத் திரும்பினார்.

இப்போது வந்தது. கொத்துக் கொத்தாக வந்தது. நாச்சிமுத்துவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. கன்னம் முடிந்தது, மோவாய் முடிந்தது, கழுத்து முடிந்தது. முகத்தைக் கழுவிவிட்டு விரலால் தடவிப் பார்த்தார்.

தாடைக்குக் கீழே இடது பக்கம் கொஞ்சம் சொரசொரத்தது.

அங்கே ஒரு இழுப்பு. இன்னும் சொரசொரத்தது. கீழிருந்து மேலே ஒரு இழுப்பு. அழுத்தி ஒரு இழுப்பு. நுரை போன இடத்தில் வெறும் தோலில் ஒரு இழுப்பு.

சாமி வந்து பார்க்கும்போது நாச்சிமுத்துவின் கழுத்தில் செய்தித்தாள் துண்டுகள் ஒட்டியிருந்தன. ஒவ்வொரு துண்டின் நடுவிலும் ஒரு சிவப்புப் பொட்டு.

“முடிஞ்சுதுங்களா?”

“இன்னும் கொஞ்சம் இருக்குதுங்க சாமி. இதை மட்டும் எடுத்துட்டு வந்தர்றேன்.”

“கை எவ்வளவு அழுத்தறீங்க?”

“அழுத்தினாத்தானுங்களே வருது?”

“ரேசருக்குன்னு ஒரு பாரம் இருக்குதுங்க. உங்க பாரத்தையும் அது மேல வெச்சா அது என்னதான் பண்ணும்?”

நாச்சிமுத்து தலையாட்டினார். தலையாட்டிக்கொண்டே இடது தாடைக்கு ரேசரைக் கொண்டுபோனார்.

சாமி எட்டி, மரத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றினார். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அன்று முழுவதும் நாச்சிமுத்துவுக்குக் கழுத்து எரிந்தது. படிகாரம் வைத்தபோது கண்ணில் தண்ணீர் வந்தது. ராத்திரிச் சாப்பாட்டில் ரசத்தின் காரம் முகத்தில் இறங்கியது போல் இருந்தது.

மறுநாள் காலையில் கூடத்தில் வந்து நின்றார்.

“கண்ணாடி குடுங்க சாமி. அந்த ஒரு இடம் உறுத்திக்கிட்டே இருக்குது.”

“இன்னிக்கு வெள்ளிக்கிழமைங்க.”

வெள்ளிக்கிழமை கத்தி தொடக்கூடாது என்பது நாச்சிமுத்துவுக்கும் தெரியும். சும்மா இருந்தார். சும்மா இருக்கிற கை தாடைக்குத்தான் போயிற்று.

சாயங்காலம் மகள் கூப்பிட்டாள்.

“அப்பா, உங்களுக்குப் பட்டு வேட்டி எடுத்து வெச்சிருக்கேன். பெரியப்பாவுக்கு அந்த வேட்டியைக் குடுக்கச் சொல்லி அம்மா கேட்டாங்க. நான் குடுக்கலை.”

“ம்.”

“வர்றீங்களாப்பா?”

“சாமி இன்னும் ஒண்ணும் சொல்லலை கண்ணு.”

“சாமிக்கா கல்யாணம்?” என்று கேட்டுவிட்டுப் பூரணி போனை வைத்துவிட்டாள்.

நாச்சிமுத்து போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெண் சொன்னதில் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

சனிக்கிழமை சாமியே கூப்பிட்டார்.

“மாஸ்டர், இப்படி உக்காருங்க. கன்னத்தைத் தடவிப் பாருங்க. மேலிருந்து கீழ.”

தடவினார். வழவழவென்று இருந்தது.

“கீழிருந்து மேல?”

குத்தியது.

“இப்ப அந்த இடத்தைத் தடவுங்க.”

இடது தாடைக்குக் கீழே மேலிருந்து கீழே தடவினார். குத்தியது. கீழிருந்து மேலே தடவினார். அதுவும் குத்தியது. குறுக்கே காதுப் பக்கம் தடவியபோது படிந்து கொடுத்தது.

“சாமி, இங்க மட்டும் முடி குறுக்க வளருதுங்க.”

“ஆமாங்க.”

“இத்தனை வயசுக்கு இது எனக்கே தெரியாதுங்களே.”

“உங்க சலூன்காரருக்குத் தெரியும்.”

நாச்சிமுத்து சிரித்துவிட்டார். மடத்துக்கு வந்த பிறகு அவர் சிரித்தது அப்போதுதான். தடவித் தடவிப் பார்த்தார். தன் முகம் தனக்கே புது ஊராக இருந்தது.

“எவ்வளவு எடுத்தாலும் சாயங்காலத்துக்குள்ள மறுபடி வந்துருதுங்களே, இதுக்கு என்ன பண்றது?”

“எனக்கும்தான் வருது.”

“உங்களுக்கு அது உறுத்தலீங்களா?”

“நாளைக்குக் காலைல என்ன வேலைன்னு யோசிக்கத் தேவையில்லாமப் போச்சு.”

சமையல்காரர் மோர் கொண்டுவந்து வைத்தார். மோரைக் குடித்ததும் நாச்சிமுத்துவுக்குப் பேச வந்தது. பழைய பெருமை ஒன்றை எடுத்து விட்டார்.

“ஒரு தடவை லோடு ஏத்தின லாரியையே நிறுத்தினவனுங்க நான். ஒரு பெட்டியில ஒரு சட்டையில ஒரு தையல் விட்டிருந்துச்சு. மொதலாளி கெஞ்சறாரு. நான் விடலை. எல்லாப் பெட்டியையும் இறக்கி, பிரிச்சு, ஒண்ணொண்ணாப் பாத்துத்தான் அனுப்பினேன்.”

“வேற ஏதாவது கெடைச்சுதுங்களா?”

“ஒண்ணுமில்லீங்க. மத்தது எல்லாம் சுத்தமா இருந்துச்சு.”

“அப்ப சரக்கு நல்லபடியாப் போய்ச் சேந்துருச்சு.”

நாச்சிமுத்து மோர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“சரக்கு தூத்துக்குடிக்குப் போய்ச் சேந்துச்சுங்க,” என்றார். “கப்பல்தான் இல்ல. முந்தின நாளே கெளம்பிருச்சு.”

சாமி காலி டம்ளரில் இன்னும் கொஞ்சம் மோர் ஊற்றினார். நாச்சிமுத்து அதைக் குடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது கண்ணாடி முருங்கை மரத்தில் தொங்கியது. பக்கத்தில் ஒரு சொம்பு வெந்நீர் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

நாச்சிமுத்து புது பிளேடு பூட்டினார். தகட்டை நிதானமாகப் பார்த்துப் போட்டார். வெந்நீரில் துண்டை நனைத்து முகத்தில் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். சோப்பை நுரைத்தார். அவசரம் இருந்தது. முதல் பஸ்ஸை விட்டால் முகூர்த்தத்துக்கு அன்னூர் போய்ச் சேர முடியாது. ஆனால் கை அவசரப்படவில்லை.

ரேசரைக் கன்னத்தில் வைத்து, விழாமல் பிடித்துக்கொண்டார். அது தானாக இறங்கியது. சர்ரென்று ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தம் அவருக்குப் பிடித்திருந்தது. இன்னொரு இழுப்பு, ரேசரைத் தண்ணீரில் அலசல், இன்னொரு இழுப்பு. கழுத்துக்கு வந்ததும் தடவிப் பார்த்த திசை நினைவுக்கு வந்தது. குறுக்கே போனார். ஆற்றில் யாரோ துணி துவைக்கும் சத்தம் கேட்டது. இவ்வளவு சின்ன வேலையில் மனசுக்கு இவ்வளவு இதமா என்று இருந்தது அவருக்கு.

முகத்தைக் கழுவினார். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. ரேசரைக் கழற்றிக் கழுவி, துடைத்து, பெட்டியில் வைத்து மூடினார்.

வேறு சட்டை மாற்றி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தார். ஷேவிங் செட்டைச் சாமியிடம் கொடுத்துவிட்டு விழுந்து கும்பிட்டார்.

சாமி அவரைத் தூக்கி நிறுத்தி, முகத்தை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். கன்னத்தைத் தடவினார். மோவாயைத் தடவினார். இடது தாடைக்குக் கீழே போன விரல் நின்றது.

“மாஸ்டர், இங்க ஒரு இடம் விட்டுப் போச்சுங்களே.”

நாச்சிமுத்து அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார். விட்டுத்தான் போயிருந்தது. நெல் மணி அளவுக்கு ஒரு இடம், குத்தியது.

“ஆமாங்க.”

“வெந்நீர் இன்னும் சூடாத்தான் இருக்கும். எடுத்துட்டுப் போறீங்களா?”

“பரவாயில்லீங்க சாமி, கெடக்கட்டும்,” என்று பையைச் சரிசெய்துகொண்டார் நாச்சிமுத்து. “மாப்பிள்ளை என்ன, என்ற தாடையைத் தடவிப் பாத்துட்டுத்தானா மாமான்னு கூப்பிடப் போறாரு?”

சொல்லி முடித்த பிறகுதான் அவர் சொன்னது அவர் காதில் விழுந்தது. வாயைத் திறந்தபடி அப்படியே நின்றார்.

ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டது. நாச்சிமுத்து ஓடினார்.