தோப்பு வாசலில் நின்ற தாய்

செம்பவளத்துறை என்னும் பட்டினத்தில் பல சமயத்தாரும் கலந்து வாழ்ந்தார்கள். அந்நாட்டு அரசன் இரண்டு வாக்குகளைக் கல்லில் வெட்டி வைத்திருந்தான். எவருடைய வழிபாட்டிலும் அரசு கை வைக்காது என்பது ஒன்று. பெண் என்ற காரணத்தால் ஊர்ப் பொதுவிடம் எதுவும் எவளுக்கும் மறுக்கப்படாது என்பது மற்றொன்று. இரண்டும் மோதிக்கொள்ளும் நாள் வரும் என்று யாரும் நினைக்கவில்லை.

அவ்வூரில் விளக்கு மரபு என்ற சமயத்தைச் சேர்ந்தவள் நாகம்மை. கணவனை இழந்தவள். அவளுடைய ஒரே மகள் கோமளம் தலைப்பிரசவத்தில் இறந்துபோனாள், குழந்தையும் தங்கவில்லை. மருமகன் கப்பலேறிப் போய் ஐந்து மாதமாகியிருந்தது. ஒரு நோன்பைக்கூட விடாத பெண் கோமளம். வலியில் துடித்தபோது தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, நான் போய்விட்டால் என்னை யாரோ கையில் விட்டுவிடாதே. நீயே வந்து மண் போடு" என்றாள். நாகம்மை வாக்குக் கொடுத்தாள்.

ஆனால் அந்த மரபில் பெண்கள் இடுகாட்டுத் தோப்புக்குள் போவதில்லை. மரபின் தலைவர் அறவாணர், தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம் என்று சொல்லி மறுத்துவிட்டார். நாகம்மை நீதிபதி பெருஞ்சாத்தனிடம் ஓடினாள். அவர் பழைய ஓலைகளைப் புரட்டிப் பார்த்தார். தோப்பு ஊர்ப் பொதுநிலம் என்று அவற்றில் இருந்தது. அவளை உள்ளே விட வேண்டும் என்று தீர்ப்பளித்தார்.

அறவாணர் வணங்கிவிட்டுச் சொன்னார்: "வாசலைத் திறக்கிறோம், ஐயா. ஆனால் அவள் உள்ளே வந்தால் இறுதி மந்திரம் ஓத மாட்டோம். ஓதச் சொல்லி நீங்கள் எங்களைக் கட்டாயப்படுத்த முடியாது."

நீதிபதி கல்லில் வெட்டிய முதல் வாக்கை எண்ணிப் பார்த்தார். பிறகு, முடியாதுதான் என்று ஒப்புக்கொண்டார்.

மாலையில் தோப்பு வாசல் திறந்தே கிடந்தது. உள்ளே போனால் மகள் கேட்டது நடக்கும். ஆனால் வாழ்நாளெல்லாம் அவள் நம்பிய மந்திரம் இல்லாமல் புதைபடுவாள். நாகம்மை பாடையருகே குனிந்து மகளின் முகத்தை ஒருமுறை தடவினாள்.

"ஓதுங்கள். நான் இங்கேயே நிற்கிறேன்" என்றாள்.

மண் விழும் ஓசை ஓயும்வரை அவள் நகரவில்லை.

நீதிபதி, தலைவர், தாய். இம்மூவரில் யார் செய்தது சரி? யார் செய்தது பிழை?

விடை: நீதிபதி செய்தது சரி. நிலம் ஊருடையது, அதைத் திறந்துவிட்டார்; மந்திரம் அவர்களுடையது, அதைத் தொடவில்லை. ஓதாமலிருக்க அறவாணருக்கும் உரிமை உண்டு. ஆனால் வழக்கத்தை மீறத் துணிந்தவள் தாய். இறந்தவள் எதையும் மீறவில்லை. அவளுக்குச் சேர வேண்டிய மந்திரத்தைக் காட்டித் தாயைத் தடுத்தது பிழை. நாகம்மையிடம் சரியும் பிழையும் பார்க்க நமக்கு மனம் வரவில்லை. அவளுடைய பொறுமையை ஊரார் நெடுநாள் புகழ்ந்தார்கள். மகளுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றாதவளாகவே அவள் கண்ணை மூடினாள்.