நானூற்றுப் பன்னிரண்டு படங்கள்

“இதுல எதுலயுமே என் தம்பி இல்லைங்க,” என்றார் பொன்னுசாமி.

 ரெபேக்கா கணினித் திரையில் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தார்.

பழைய பந்தயக் கார்களைப் படம் எடுப்பதில் கோவையில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்பார்கள். அவருக்கு முப்பத்தொரு வயது. பாடம் கேட்க வரும் பொன்னுசாமிக்கு ஐம்பத்து மூன்று.

திரையில் ஒரு சிவப்பு வண்டி. இரண்டே இருக்கை. தம்பி மயில்சாமி தன் கையாலேயே பிரித்து மாட்டி ஓட்டிய வண்டி. அவன் இறந்த பிறகு இரண்டு வருடம் அது உறைக்குள் கிடந்தது. வண்டியை விலைக்கு வாங்கியவர் இன்று காலை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

ஏற்றுவதற்கு முன் மூன்று நாள் கிடைத்தது. மூன்று நாளும் பொன்னுசாமி படம் எடுத்தார்.

தரையில் படுத்து எடுத்திருந்தார். தண்ணீர் கொட்டி, ஈரத்தில் விழுந்த பிம்பத்தை மட்டும் எடுத்திருந்தார். பக்கக் கண்ணாடிக்குள் வானத்தைப் பிடித்திருந்தார்.

“இதென்ன புகை?”

“சாம்பிராணிங்க.”

“ஏனுங்க, வண்டிக்குத் தலைக்கு ஊத்திவிட்டீங்களா?”

“கிண்டல் பண்ணாதீங்க மேடம். ஒரு படம். அவன் இருக்கிற மாதிரி ஒண்ணே ஒண்ணு. எங்க அம்மா கேக்குது. நீங்களாவது பாத்து எடுத்துக் குடுங்க.”

ரெபேக்கா கடைசிப் படம் வரை பார்த்தார். பளபளப்பில் கண் கூசியது.

“பொண்ணு பாக்கப் போற மாப்பிள்ளை மாதிரி இருக்கு,” என்றார். “உறையை எடுத்ததும் முதல்ல என்ன செஞ்சீங்க?”

“தொடச்சேங்க. நாலு மணி நேரம்.”

“என்ன இருந்துச்சு?”

“தூசிதான். அப்புறம் கதவுக்கு மேல ஒரு கிரீஸ் கை. அஞ்சு விரலும் அப்படியே. லேசுல போகலைங்க. பெட்ரோல் தொட்டுத் தேய்ச்சேன்.”

“யாரு கை?”

பொன்னுசாமி திரையில் பளபளத்த அந்தக் கதவையே பார்த்தார். 



“நீங்கதானே மேடம் சொன்னீங்க,” என்றார்.  “முதல் நாளே சொன்னீங்க. படத்துக்கு முன்னாடி வண்டியில ஒரு கைரேகை இருக்கக் கூடாதுன்னு.”

“சொன்னேன்,” என்றார் ரெபேக்கா.

 மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பிறகு கேட்டார்:

“தொடச்ச துணி எங்க?”

பொன்னுசாமி கேமரா பையின் அடியில் துழாவினார். மஞ்சள் துணி ஒன்று சுருண்டு வந்தது. நடுவில் கறுப்பாக அப்பியிருந்தது. பெட்ரோல் வாடை இன்னும் போகவில்லை.

ரெபேக்கா அதை இரண்டு கைகளாலும் வாங்கினார். மேசையில் வெள்ளைத் தாள் விரித்து, சுருட்டியது சுருட்டியபடியே வைத்தார். விளக்கைப் போட்டார்.

“எடுங்க.”

பொன்னுசாமி கேமராவைக் கண்ணில் வைத்தார். ஒன்றும் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். துணியின் ஒரு முனை மடங்கியிருந்தது. வழக்கம்போல, அதை நீவிவிடக் கை நீட்டினார்.

“அதையாவது தொடாதீங்க,” என்றார் ரெபேக்கா.