பிரம்மசக்தியின் பத்து நகங்கள்

மந்தநல்லூர் பேரூராட்சி அலுவலகத்தைப் பற்றி யாராவது தப்பாகப் பேசினால் எனக்குக் கெட்ட கோபம் வரும். சோம்பேறிகள் என்பார்கள். சுத்தப் பொய். சொன்ன வேலையைச் சொன்னபடி செய்கிறவர்கள் அவர்களைப் போல எந்தச் சீமையிலும் கிடையாது. அந்த ஊருக்கு வந்த கஷ்டமெல்லாம் அவர்கள் சொன்னபடியே செய்ததால் வந்ததுதான்.

ஒருமுறை மேலிடத்திலிருந்து, ஃபைல்கள் ஒரே மேசையில் கிடக்கக்கூடாது, நகர வேண்டும் என்று உத்தரவு வந்தது. அன்றிலிருந்து தினமும் காலையில் எல்லா ஃபைலையும் முதல் மேசையிலிருந்து கடைசி மேசைக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். சாயங்காலம் திரும்பத் தூக்கிக்கொண்டு வருவார்கள். சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். இவர்களையா சோம்பேறி என்பது?

தலைமை எழுத்தர் ஆவுடையப்பன் இன்னொரு பழக்கத்தையும் கொண்டுவந்திருந்தார். ஒரு உத்தரவை முழுசாக நிறைவேற்றி முடிக்காமல் அடுத்த உத்தரவைக் காதில்கூட வாங்கக் கூடாது. குழப்பம் வந்துவிடுமாம். பில் கலெக்டர் சூசையும் வாட்ச்மேன் மாசானமும் அவர் சொல்லைத் தட்ட மாட்டார்கள்.

அந்த ஆபீசில் டைப் அடித்த பெண்தான் பிரம்மசக்தி. தற்காலிக ஊழியர். தற்காலிகம் என்றால் கொஞ்ச காலம் என்று நினைத்துவிடாதீர்கள். அவள் வேலைக்குச் சேர்ந்தபோது வைத்த தென்னங்கன்று காய்த்து, அதில் ஆபீஸ்காரர்கள் எல்லோரும் இளநீரும் குடித்தாகிவிட்டது. இப்போதுதான் ஒரு வழி பிறந்திருந்தது. புதன்கிழமை மண்டல அலுவலர் நேரில் வருவார், ஒரு பக்கம் டைப் அடிக்கச் சொல்வார், தேறினால் வேலை நிரந்தரம். அவள் அம்மா அன்றுமுதல் செவ்வாய், வெள்ளி என்று பார்க்காமல் எல்லா நாளும் விரதம் இருந்தாள்.

இந்த நேரம் பார்த்து ஞாயிற்றுக்கிழமை தாய்மாமன் மகள் கல்யாணம். கல்யாணப் பெண்ணோடு துணைக்குப் பார்லருக்குப் போன பிரம்மசக்தி சும்மா இருந்திருக்கலாம். வெண்டைக்காய் நீளத்தில் ரோஸ் கலர் நகங்களைப் பத்து விரலிலும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டாள். போட்டோவில் நன்றாகத்தான் விழுந்தது.

திங்கட்கிழமை காலையில் கீபோர்டின் முன் உட்கார்ந்து ஒரு எழுத்தைத் தட்டினாள். மூன்று எழுத்து வந்தது. அதை அழிக்கப் போனாள். மேலும் நான்கு வந்தது. குடிநீர்க் குழாய் பற்றி ஒரு வரி அடிப்பதற்குள் திரை முழுக்க எறும்பு ஊர்ந்த மாதிரி ஆகிவிட்டது. மேசையிலேயே தலையைக் கவிழ்த்து அழுதாள். பார்த்தவர்களுக்கெல்லாம் நெஞ்சு பதறியது. மூளை ஒரு பக்கம் இருக்கட்டும், மனசு அவர்களுக்கு நல்ல மனசு.

ஆவுடையப்பன் உடனே கூட்டம் கூட்டினார்.

"நகத்த வெட்டிட்டா என்ன சார்?" என்று மாசானம் கேட்டான். அவன் வாழ்நாளில் சொன்ன ஒரே உருப்படியான யோசனை அது.

"பார்லர்காரம்மா என்ன சொன்னா பிள்ள?" என்று ஆவுடையப்பன் விசாரித்தார். பிரம்மசக்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "ரெண்டு வாரத்துக்கு இதுல யாரும் கை வைக்கக் கூடாதுன்னு சொன்னா சார்" என்றாள்.

"கேட்டியாலே? உத்தரவு உத்தரவுதான்" என்றார் ஆவுடையப்பன். மாசானம் வெட்கப்பட்டுத் தலை குனிந்துகொண்டான்.

அப்போதுதான் சூசைக்கு ஒன்று ஞாபகம் வந்தது. அவன் போனில் ஒரு வீடியோ வந்திருந்தது. நீள நகம் வைத்துக்கொண்டு சௌகரியமாக டைப் அடிப்பது எப்படி என்று ஒரு பெண் சொல்லித் தருகிறாள். எல்லோரும் போனைச் சுற்றிக் கூடி நின்றார்கள்.

"ஹாய் ஃபிரண்ட்ஸ்! முதல்ல கீபோர்டை உங்க முழங்கையைவிடக் கீழ வச்சுக்கோங்க" என்றாள் அந்தப் பெண்.

"நிறுத்து!" என்றார் ஆவுடையப்பன். "முதல்ல இத முடிப்போம்."

கீழே என்றால் எவ்வளவு கீழே என்று விவாதம் வந்தது. "கீழன்னா தரைதான் அண்ணாச்சி. தரைக்கு மேல எது இருந்தாலும் அது மேலதான்" என்றான் சூசை. நியாயமாகத்தான் பட்டது. கீபோர்டைத் தரையில் வைத்தார்கள். பிரம்மசக்தியும் தரையில் உட்கார்ந்தாள். இப்போது முழங்கையும் கூடவே கீழே வந்துவிட்டது.

"முழங்கைய ஏத்தணும்வே" என்றார் ஆவுடையப்பன். மேசையின் மேல் நாற்காலியைப் போட்டு, நாற்காலியில் பிரம்மசக்தியை ஏற்றி உட்கார வைத்தார்கள்.

"கீபோர்டு முழங்கைக்குக் கீழ இருக்கா?"

"நல்லாவே கீழ இருக்கு."

"எனக்கு எட்டலையே சார்" என்றாள் மேலே இருந்தவள்.

"எட்டணும்னு அந்தப் பிள்ள சொல்லலையே" என்றார் ஆவுடையப்பன். முதல் உத்தரவு நிறைவேறியது. வீடியோவை ஓட்டினார்கள்.

"அடுத்து, விரலை வளைக்காம தட்டையா வச்சுக்கோங்க. நகத்தால தட்டாம, விரல் சதையால தட்டுங்க."

"நிறுத்து!"

விரல்கள் பிறவியிலேயே உருண்டையாக இருக்கின்றனவே, தட்டையாக்குவது எப்படி? கசங்கினதைத் தட்டையாக்க மாசானம் பின்னறையில் ஒரு சாமான் வைத்திருந்தான். இஸ்திரிப் பெட்டியோடு அவன் வந்ததைப் பார்த்ததும் பிரம்மசக்தி அலறினாள்.

"பயப்படாத தாயி, சூடு போடல. வெறும் பாரந்தான்" என்று மாசானம் சமாதானம் சொன்னான். ஒவ்வொரு கையையும் டீ குடிக்கிற நேரம் பெட்டிக்கடியில் வைத்திருந்தார்கள். தட்டையானதா என்று மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். கொஞ்சம் சிவந்திருந்தது. அதுவும் முன்னேற்றம்தான் என்று குறித்துக்கொண்டார்கள்.

"கீஸுக்கு நடுவுல நல்லா இடைவெளி இருக்கிற கீபோர்டா இருந்தா பெஸ்ட்!" என்றாள் வீடியோப் பெண்.

இதற்கு விவாதமே தேவைப்படவில்லை. சூசை திருப்புளியை எடுத்துவந்து ஒன்று விட்டு ஒன்றாகப் பட்டன்களை நெம்பி எடுத்தான். வேண்டிய எழுத்து எது, வேண்டாத எழுத்து எது என்று பார்க்க வேண்டாமா என்று பிரம்மசக்தி மேலேயிருந்து கெஞ்சினாள். ஆவுடையப்பன் கண்டிப்பாக மறுத்துவிட்டார். "அரசாங்க ஆபீஸ்ல எல்லா எழுத்தும் சமம். வேண்டியது, வேண்டாதது பாக்கக் கூடாது." பிடுங்கிய பட்டன்களைச் சூசை சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். நடக்கும்போது சோழி குலுங்குகிற சத்தம் கேட்டது. அதோடு அன்றைய பொழுது முடிந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் வீடியோவில் அந்தப் பெண், "பழகற வரைக்கும் கொஞ்சம் பொறுமையா இருங்க ஃபிரண்ட்ஸ்" என்றாள். எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு பொறுமையாக இருந்தார்கள். பிறப்புச் சான்றிதழ் கேட்டு ஒருவர் வந்தார். "பொறுமையா இருக்கோம்" என்றார்கள். தெருவிளக்கு எரியவில்லை என்று ஒரு அம்மாள் வந்தாள். அவளிடமும் அதையே சொன்னார்கள். ஆபீஸ் வழக்கம்போல்தான் நடக்கிறது என்று நினைத்து இரண்டு பேரும் போய்விட்டார்கள்.

சாயங்காலம் வீடியோவை மறுபடி ஓட்டியபோது, "தனியா கஷ்டப்படாதீங்க. ஃபிரண்ட்ஸும் உங்களோட சேர்ந்து நகம் வச்சுப் பழகினா ஜாலியா இருக்கும்!" என்று வந்தது.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆவுடையப்பனுக்குப் பேத்தி இருக்கிறாள். மாசானத்துக்குப் பெரிய மீசை இருக்கிறது. ஆனால் ஒரு பெண்பிள்ளையின் வாழ்க்கை என்று வந்த பிறகு யோசிக்க முடியுமா? வரிசையாகப் பார்லருக்குப் போய் உட்கார்ந்தார்கள். பார்லர்காரம்மா, "என்ன விசேஷம் அண்ணாச்சி?" என்று கேட்டாள். "ஆபீஸ் வேலை" என்றார் ஆவுடையப்பன். மாசானம் மட்டும் தனக்குக் காக்கி கலரில் இருக்கிறதா என்று விசாரித்தான்.

புதன்கிழமை காலையில் மூவரும் சட்டைப் பட்டன் போட முடியாமல், துண்டைப் போர்த்திக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். பட்டனை விடுங்கள், போன்தான் பெரிய பிரச்சினை. நகத்தால் எத்தனை தட்டினாலும் போன் அசையவில்லை. அதற்குத் தோல் பட வேண்டும். வீடியோவில் கடைசி உத்தரவு ஒன்று பாக்கி இருக்கிறது, அதிகாரியோ வந்துகொண்டிருக்கிறார். நால்வர் முகத்தையும் ஆராய்ந்து, மாசானத்தின் மூக்கே எடுப்பானது என்று முடிவு செய்தார்கள். அவன் குனிந்து மூக்கால் ஒரு தட்டுத் தட்டினான்.

"இது எல்லாத்தையும்விட ஈஸியான வழி ஒண்ணு இருக்கு ஃபிரண்ட்ஸ்" என்றாள் அந்தப் பெண். "அது என்னன்னா..."

சரியாக அந்த இடத்தில் பற்பசை விளம்பரம் வந்தது. அதைத் தள்ளிவிட மாசானம் மறுபடி மூக்கை வைத்தான். மூக்கு சறுக்கிவிட்டது. சூசையின் மாமியாருக்கு போன் போனது.

"யாரு, மாப்பிள்ளையா? இப்பமாவது என் நெனப்பு வந்திச்சே!" என்று குரல் வந்தது. அதை நிறுத்த ஆவுடையப்பன் தன் மூக்கால் முயன்றார். சத்தம்தான் கூடியது. மாப்பிள்ளை கிறிஸ்துமஸுக்குத் தலைகாட்டாததிலிருந்து ஆரம்பித்து மாமியார் பேசிக்கொண்டே இருந்தபோது, வாசலில் ஜீப் வந்து நின்றது.

மண்டல அலுவலர் திருவேங்கடம் உள்ளே வந்தார். மேசைமேல் நாற்காலி, நாற்காலிமேல் ஒரு பெண், தரையில் பாதிப் பல் விழுந்த கீபோர்டு, பக்கத்தில் ரோஸ் நகத்தோடு கும்பிடுகிற மூன்று ஆண்கள். அவர் எதுவும் கேட்கவில்லை. அவரும் அதே இலாகாவில்தான் நரைத்தவர்.

"ஆரம்பிக்கலாம்மா" என்று ஒரு தாளை நீட்டினார்.

 விரதத்தில் ஒட்டிப்போன அம்மாவின் முகம் பிரம்மசக்தியின் கண்ணுக்குள் வந்தது. உத்தரவாவது ஒன்றாவது என்று நாற்காலியிலிருந்து குதித்து, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, விரல் சதையால் ஒவ்வொன்றாகத் தட்டினாள். இருந்த பட்டன்களை மட்டும் தட்டினாள். வேறு என்ன செய்ய முடியும்? பக்கம் முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள்.

பிரிண்டரிலிருந்து வந்த தாளைத் திருவேங்கடம் இரண்டு முறை படித்தார். பாதி எழுத்து இல்லாத பக்கம் அது. ஒரு சொல்லும் முழுசாக இல்லை, ஒரு வரியும் எதையும் சொல்லவில்லை.

"பிரமாதம்" என்றார். "இத வச்சு யாரும் நம்மள ஒரு கேள்வி கேக்க முடியாது. இவ்வளவு பத்திரமான கடிதத்த என் சர்வீஸ்லயே பார்த்ததில்ல. தேர்ச்சி!"

சூசை சந்தோஷத்தில் குதித்தான். பையிலிருந்த பட்டன்கள் குலுங்கின. பிரம்மசக்தி அழவும் முடியாமல் சிரிக்கவும் முடியாமல் கையைக் கூப்பினாள். அந்தக் கையைப் பார்த்ததும் அதிகாரியின் புருவம் ஏறியது.

"ஒரு நிமிஷம். இது உன் சொந்த நகமா?"

"இல்ல சார். ஒட்டினது."

"அப்ப இந்தப் பக்கத்த அடிச்சது யாரு?"

"நான்தான் சார். விரலாலதான் சார் அடிச்சேன்."

"விரல் என் கண்ணுல படவே இல்லையேம்மா. மேல நின்னு பார்த்தேன், நகந்தான் போச்சு, நகந்தான் வந்துச்சு. கண்ணால பார்த்ததைத்தான நான் எழுத முடியும்?"

ஆவுடையப்பன் இதை ஆழமாக யோசித்தார். "சார் சொல்லுறது சரிதான். நானும் நகத்தத்தான் பாத்தேன்" என்றார். அவருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

அங்கேயே உத்தரவு தயாரானது. தட்டச்சுத் தேர்வில் வெற்றி பெற்ற நகங்கள் பத்தும் இன்று முதல் நிரந்தரம் செய்யப்படுகின்றன. அவை ஒட்டப்பட்டிருக்கும் ஊழியர் வழக்கம்போல் தற்காலிகமாகத் தொடரலாம்.

"சார், எங்ககிட்டயும் நகம் இருக்கு" என்று சூசை கையை நீட்டினான்.

"அதுங்க பரீட்சை எழுதலையே" என்று சொல்லிவிட்டு அதிகாரி ஜீப்பில் ஏறினார்.

பிரம்மசக்தி அன்று அழுத அழுகையை நான் எழுதப் போவதில்லை. அவள் அம்மாவோ, எப்படியோ வீட்டில் பத்துப் பேருக்கு அரசாங்க வேலை கிடைத்துவிட்டது என்று தெருவுக்கே பாயசம் கொடுத்தாள்.

இரண்டு வாரம் கழித்து நகங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. ஆவுடையப்பன் அவற்றை மரியாதையாகப் பொறுக்கி, டைப்பிஸ்ட் நாற்காலியில் ஒரு வெல்வெட் துணி விரித்து வரிசையாக உட்கார வைத்தார். காற்றில் பறந்துவிடக் கூடாதென்று மின்விசிறியை நிறுத்தினார். காலை முழுக்கக் காத்திருந்தார்கள். நகங்கள் ஒரு வரிகூட அடிக்கவில்லை.

"என்ன சார், அசையவே மாட்டேங்கு?" என்றான் மாசானம்.

"நிரந்தரமான பெறகு யாருலே அசையுதான்?" என்றார் ஆவுடையப்பன். மாசானத்துக்கு அது உடனே புரிந்தது.

ஆனால் வேலை நடக்க வேண்டுமே. பிடுங்கிய பட்டன்களைச் சூசை திரும்பப் பொருத்தினான். சுவரோரம் ஒரு ஸ்டூலைப் போட்டு, தற்காலிகமாகப் பிரம்மசக்தியை அடிக்கச் சொன்னார்கள். நகம் போன விரல்கள் அவளுக்கு மழை மாதிரி ஓடின. மத்தியானத்துக்குள் தேங்கிக் கிடந்த கடிதம் பூராவும் முடிந்துவிட்டது. கடைசிக் கடிதத்தை அவள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தபோது, ஆவுடையப்பன் நாற்காலியை எட்டிப் பார்த்துவிட்டு, உதட்டில் விரலை வைத்துக்கொண்டு அவளிடம் வந்தார்.

"மெதுவா அடி பிள்ள" என்றார். "நிரந்தர ஊழியருங்க தூங்குதாங்க."