குதிகால் வலிக்கு வழி கேட்டவள்

காலையில் கண் விழித்ததும் செல்லக்கனி எழுந்திருக்க மாட்டாள். பாயிலேயே உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். முதல் அடி வைக்கப் பயம்.

வைத்தால் வலது குதிகாலில் ஆணி இறக்கியதுபோல் இருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படி வரைக்கும் போவாள். கொஞ்சம் நடமாடியபின் வலி மட்டுப்படும். மட்டுப்பட்டதும் வேலைக்குக் கிளம்ப வேண்டும்.

திருநெல்வேலியில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பட்டுச்சேலைப் பிரிவில் அவளுக்கு வேலை. கடை திறந்ததிலிருந்து அடைக்கும் வரை நிற்க வேண்டும். பளிங்குத் தரை. அதில் செருப்புப் போட அனுமதி இல்லை. புருஷன் பக்கவாதத்தில் படுத்துவிட்டவர். அவள் நின்றால்தான் வீட்டில் உலை கொதிக்கும்.

ஆஸ்பத்திரிக்குப் போனாள். பாதத்துக்கு அடியில் ஓடும் தசைநார் புண்ணாகியிருக்கிறது என்றார் டாக்டர். எழுந்திருக்கும் முன்னால் பாதத்தில் துண்டைக் கொடுத்து இழுக்கச் சொன்னார். சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்காலை நீட்டிவிடச் சொன்னார். தண்ணீர் பாட்டிலை ஐஸாக உறையவைத்துப் பாதத்துக்கடியில் உருட்டச் சொன்னார். பிறகு, "ரொம்ப நேரம் நிக்காதீங்க" என்றார்.

அந்தக் கடைசிப் பேச்சைத் தவிர மற்றதெல்லாம் செய்தாள். பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் பாட்டிலை வைத்து வாங்கினாள். யாரோ சொன்னார்கள் என்று செங்கல்லைச் சுடவைத்து, மேலே எருக்கிலையைப் போட்டு மிதித்தாள். ராத்திரி கொஞ்சம் ஆறும். மறுநாள் சாயங்காலம் பழையபடி ஆகிவிடும்.

ஆற்றங்கரையில் சின்ன மடம் ஒன்று இருந்தது. அதை நடத்திய துறவி பிரமநாயகி, செல்லக்கனியைவிட இளையவள். ஆனாலும் எல்லோரும் அவளை அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளோ தன்னைவிட மூத்த பெண்களை அக்கா என்பாள். வார லீவு நாளில் செல்லக்கனி அங்கே போய் உட்காருவாள். உட்காருவதற்காகவே போனாள் என்றும் சொல்லலாம்.

ஒருநாள் வலியைப் பற்றிச் சொன்னாள்.

"அதைப் பாத்துக்கிட்டே இருங்கக்கா," என்றாள் பிரமநாயகி. "வலி காலுக்குத்தான். பாக்குறவளுக்குக் கிடையாது."

செல்லக்கனி அந்த வாரம் முழுக்கப் பார்த்தாள். கல்யாணக் கூட்டத்துக்குச் சேலை விரித்துக் காட்டும்போது பார்த்தாள். விரித்ததையெல்லாம் திரும்ப மடிக்கும்போது பார்த்தாள். அடுத்த லீவு நாளில் மடத்துக்கு வந்து, எல்லோரும் இருக்கும்போதே சொன்னாள்.

"பாத்தேம்மா."

"சரி."

"பாக்குறவளுக்கும் வலிக்கி."

யாரோ சிரித்தார்கள். பிரமநாயகி சிரிக்கவில்லை.

"படுத்தா, காலைல அந்த முத அடி வைக்கணுமேன்னுதான் நெனப்பு ஓடுது. உறக்கத்துலயே போயிட்டா வைக்க வேண்டாம்லா. தெனமும் அப்படித் தோணுது." செல்லக்கனி அழவில்லை. அழுவதற்கும் அலுப்பாக இருந்தது. "எப்படித்தாம்மா இதைத் தாங்க?"

சிரித்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"நாளைக்குக் கடை எப்ப திறப்பாங்க?" என்று கேட்டாள் பிரமநாயகி.

மறுநாள் கடை திறந்ததும் பிரமநாயகி முதல் ஆளாகப் படியேறி வந்தாள். காவிச் சேலையைக் கண்டதும் சூப்பர்வைசர் பொன்பாண்டி ஓடிவந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். காபி சொல்லட்டுமா என்று கேட்டார்.

"வேண்டாம். இவங்க பக்கத்துல நிக்க வந்தேன்."

"கவுண்டருக்கு உள்ள ஸ்டாஃப் மட்டும்தாம்மா."

"அப்ப வெளியவே நிக்கேன்."

நின்றாள். பொன்பாண்டிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வந்த பெண்கள் அவளைக் கும்பிட்டார்கள். அதனால் விட்டுவிட்டார்.

வெயில் ஏறியதும் கூட்டம் வந்தது. ஒரு குடும்பம் அலமாரியையே காலி செய்துவிட்டு, பிறகு வருகிறோம் என்று எழுந்து போனது. செல்லக்கனி மடிக்கத் தொடங்கினாள். பிரமநாயகி தூணில் தோளைச் சாய்த்தாள்.

"சாயக்கூடாதும்மா, கேமரா இருக்கு," என்றாள் செல்லக்கனி. பழக்கத்தில் வந்துவிட்டது. "ஐயோ, உங்களுக்கு இல்ல. எங்களுக்கு."

பிரமநாயகி நிமிர்ந்துகொண்டாள். அதன்பின் சாயவில்லை.

மத்தியானம் தாண்டியது. அவளும் வலது காலிலிருந்து இடது காலுக்கு, இடதிலிருந்து வலதுக்கு மாறி மாறி நின்றாள். அந்த மாடியில் எல்லாப் பெண்களும் அப்படித்தான் நின்றார்கள். அது அவர்களுக்கே தெரியாது.

"உக்காருங்கம்மா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கேன்," என்றாள் செல்லக்கனி. " நாற்காலி சும்மாதான கிடக்கு."

"உங்களுக்கு எங்க?"

"எங்களுக்கும் ஸ்டூல் உண்டு. குடோன்ல அடுக்கி வச்சிருக்கு. லேபர் ஆபீசர் யாராவது செக் பண்ண வந்தா எடுத்துப் போடுவாங்க."

பிரமநாயகி அந்த நாற்காலிப் பக்கம் போகவில்லை.

சாயங்காலம் டீக்கு விட்டார்கள். பின்பக்க மாடிப்படியில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். செல்லக்கனி தன் டீயைப் பகிர்ந்து கொடுத்தாள். குடித்து முடித்ததும் தம்ளரைக் கழுவப் பிரமநாயகி எழுந்தாள். பாதம் தரையில் பட்டதும் அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

செல்லக்கனி குனிந்து அவள் காலைத் தொடப் போனாள். பிரமநாயகி காலை இழுத்துக்கொண்டாள்.

"எனக்கு ஒருநாள் கூத்துக்கா. என் காலை விடுங்க."

மறுபடி கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழ்ப்படியில் உட்கார்ந்தாள்.

"இப்பச் சொல்லுங்கம்மா," என்றாள் செல்லக்கனி. அவள் குரலில் கோபம் இல்லை. கேட்பதற்கு வேறு ஆள் இல்லை, அவ்வளவுதான். "எப்படித் தாங்க?"

"இது தாங்குறதுக்கு உள்ளது இல்லக்கா."

இத்தனை நாளும் யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை. டாக்டர் சொன்னதில்லை, புருஷன் சொன்னதில்லை. நெஞ்சில் ஏதோ ஒன்று இளகுவதுபோல் இருந்தது. அந்த நேரம் பார்த்து மேலே மணி அடித்தது.

செல்லக்கனி சுவரைப் பிடித்து எழுந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு முதல் படியில் கால் வைத்தாள். இரண்டாவது படியில் நின்று, திரும்பாமலே சொன்னாள்.

"நான் தாங்கலைன்னா, நாளைக்கே இந்த இடத்துல வேற ஒருத்தியைக் கொண்டு நிப்பாட்டிருவாங்கம்மா."

"அவளுக்கும் வலிக்கும்," என்றாள் பிரமநாயகி.